ஸ்டூடியோவும் கலை வரலாறும்: வாசகர் கேள்வி பதில்

கல்லூரியில் ஓவியம், சிற்பம், கலை வரலாறு படிப்பவர்களும் படிக்கப் போகிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பள்ளிப் படிப்பு முடியப் போகிறது. நுண்கலைப் பட்டப்படிப்பில் சேர ஆசை. யாரிடமும் முறையாகக் கற்றதில்லை. ஆனால் புகைப்படத்தைப் பார்த்து முகங்களை அச்சு அசலாக பென்சிலில் வரைவேன். இது போதுமா?

பதில்: பொறுமை இருக்கிறது, கை பழகியிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் சேர்க்கைக்கு உங்கள் படங்களைப் பார்ப்பவர்கள் தேடுவது வேறொன்று. முப்பரிமாண உலகத்தைத் தட்டையான தாளுக்குக் கொண்டுவருவதுதான் வரைதலில் கடினமான வேலை. அதைக் கேமரா ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது. அது முடித்ததை நீங்கள் நகலெடுக்கிறீர்கள். முதலாண்டு வரைதல் வகுப்பு அந்த வேலையை உங்கள் கண்ணிடம் திருப்பிக் கொடுக்கும். அதை இப்போதே தொடங்கிவிடலாம்.

நாற்காலி, பாட்டில், செருப்பு என எதுவும் போதும். அளவு எடுக்கும் முறை இது: ஒரு கண்ணை மூடி, பென்சில் பிடித்த கையை முழுக்க நீட்டுங்கள். பென்சில் நுனியைப் பொருளின் உச்சியோடு பொருத்தி, கட்டைவிரல் நகத்தை அடிவரை இறக்குங்கள். அந்த நீளத்தை அப்படியே படுக்கவைத்து, அகலத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். முழங்கை மடங்கினால் பென்சில் கண்ணுக்கு நெருங்கிவிடும், அளவு மாறிவிடும். ஒவ்வொரு அளவுக்கும் கை முழு நீட்டத்திலேயே இருக்க வேண்டும். சாய்கோடுகளைப் பிடிக்கும்போது பென்சிலைப் பொருளை நோக்கிச் சாய்க்கக் கூடாது. முன்னால் ஒரு சன்னல் கண்ணாடி இருப்பதாக எண்ணி, அதன் பரப்பிலேயே பென்சிலைச் சுழற்றுங்கள்.

முகம் வரைபவர்கள் பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. கண்களை மிக மேலே வைத்துவிடுவார்கள். நெற்றியிலும் முடியிலும் பார்க்க ஒன்றுமில்லை என்று மனம் அந்தப் பகுதியைச் சுருக்கிவிடுகிறது. உண்மையில் தலையின் உச்சிக்கும் தாடையின் அடிக்கும் ஏறக்குறைய சரிபாதியில்தான் கண்கள் இருக்கின்றன. நிற்கும் உடல் சுமார் ஏழரைத் தலை உயரம். ஆனால் உட்கார்ந்தாலோ படுத்தாலோ அந்தக் கணக்கு உதவாது, அளந்துதான் ஆக வேண்டும்.

தாளை ஏ2 அளவுக்குப் பெரிதாக்குங்கள். பென்சிலைத் தள்ளிவைத்துச் சார்க்கோல் (வரைகரி) எடுங்கள். சார்க்கோலில் இமை முடியை எண்ணி வரைய முடியாது, பெரிய வடிவங்களிலிருந்துதான் தொடங்க முடியும். உங்களுக்கு இப்போது தேவையான மருந்து அதுதான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து, வெளிச்சமும் நிழலும் மூன்று நான்கு பெரிய பகுதிகளாகப் பிரியும். முதலில் அவற்றை மட்டும் போடுங்கள்.

போர்ட்ஃபோலியோவுக்கு, அதாவது சேர்க்கைக்குக் காட்டும் படத் தொகுப்புக்கு, எத்தனை படம் என்பதை ஒவ்வொரு கல்லூரியும் சொல்லிவிடும். அந்த எண்ணைத் தாண்ட வேண்டாம். பாதிக்குமேல் நேரில் பார்த்து வரைந்தவையாக இருக்கட்டும். அழித்துத் திருத்திய தடம் தெரியும் ஸ்கெட்ச் நோட்டையும் கேட்டால் காட்டுங்கள். நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள் என்பது முடிந்த படத்தைவிட அதில்தான் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: வாட்டர் கலரில் எதை எதோடு கலந்தாலும் சேறாகிவிடுகிறது. பெட்டியில் 24 நிறங்கள் இருந்தும் துலக்கமான பச்சையோ ஊதாவோ வரவில்லை. ஏன்?

பதில்: 24 நிறங்கள் இருப்பதுதான் பாதிப் பிரச்சினை. ட்யூபின் முதுகில் சிறிய எழுத்தில், உள்ளே இருக்கும் நிறமி (நிறம் தரும் பொருள்) எது என்று சொல்லும் ஒரு குறியீடு இருக்கும். பி.பி.29 என்றால் அல்ட்ராமரைன் நீலம், பி.பி.15 என்றால் தாலோ நீலம், பி.ஒய்.35 என்றால் காட்மியம் மஞ்சள். முகப்பில் போட்டிருக்கும் அழகான பெயரை விட்டுவிட்டு இந்தக் குறியீட்டைப் படியுங்கள். சில ட்யூபுகளில் இரண்டு மூன்று குறியீடுகள் இருக்கும். அப்படிப்பட்ட இரண்டு ட்யூபுகளைக் கலந்தால் தாளில் ஐந்தாறு நிறமிகள் சேர்கின்றன. ஒவ்வொரு நிறமியும் வெளிச்சத்தின் ஒரு பங்கை விழுங்குகிறது. கண்ணுக்குத் திரும்பி வருவது மங்கல் சாம்பல்தான். ஒற்றை நிறமி ட்யூபுகள் ஆறேழு போதும்.

அடுத்தது நிறத்தின் சாய்வு. அல்ட்ராமரைன் சிவப்புப் பக்கம் சாய்ந்த நீலம், தாலோ பச்சைப் பக்கம் சாய்ந்த நீலம். துலக்கமான பச்சை வேண்டுமென்றால் தாலோவோடு எலுமிச்சை மஞ்சளைச் சேருங்கள். அல்ட்ராமரைனோடு ஆரஞ்சு சாய்வுள்ள மஞ்சளைச் சேர்த்தால் இரண்டிலும் ஒளிந்திருக்கும் சிவப்பு பச்சையைக் கொன்றுவிடும். அதுவும் வீணில்லை, நிழல் விழுந்த இலைக்கு அந்தப் பாசிப்பச்சைதான் சரி. ஊதாவுக்கு அல்ட்ராமரைனும் குயினாக்ரிடோன் ரோஸும். அல்ட்ராமரைனும் பர்ன்ட் அம்பரும் சேர்ந்தால் கருப்பு ட்யூபே தேவைப்படாத ஆழ்ந்த இருட்டு கிடைக்கும்.

நிறமி சரியாக இருந்தும் சேறானால் காரணம் கையில் இருக்கிறது. பாதி காய்ந்த பூச்சில் மறுபடி பிரஷ்ஷை வைத்தால் அடியிலுள்ள நிறம் கிளம்பிவரும், ஓரங்களில் பூப்பூவாகக் கறை விழும். ஒன்று ஈரமாக இருக்கும்போதே முடியுங்கள், இல்லையேல் முழுக்கக் காயவிடுங்கள். புறங்கையால் தாளைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ச்சி இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. தண்ணீருக்கு இரண்டு குவளைகள் வேண்டும், ஒன்று கழுவ, ஒன்று நிறத்தைக் கரைக்க. தாள் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) இருந்தால் மிதமான ஈரத்துக்கு நெளியாது. அதற்குக் குறைந்த தாளை நனைத்து, பலகையில் கம் டேப்பால் நான்கு பக்கமும் ஒட்டிக் காயவிட்டபின் வரையுங்கள்.

ட்யூபில் ஒளித் தாங்குதிறன் மதிப்பும், அதாவது வெளிச்சத்தில் வெளுக்காமல் நிற்குமா என்பதும் இருக்கும். ஏ.எஸ்.டி.எம். என்ற தர அளவில் ஒன்று அல்லது இரண்டு எனில் நம்பலாம். பி.ஆர்.83 எனும் அலிசரின் கிரிம்ஸன் வெளுத்துப்போகும், அதன் மாற்றை வாங்குங்கள். வான்கோ 1888-இல் வரைந்த படுக்கையறையின் சுவர்கள் இன்று நீலமாகத் தெரிகின்றன. அவரே கடிதத்தில் அவற்றை வெளிர் ஊதா என்றுதான் எழுதியிருக்கிறார். நீலத்தோடு அவர் கலந்த சிவப்பு நிறமி வெளிச்சத்தில் மறைந்துவிட்டது. அந்த அறையின் அமைதியைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர், ஓவியர் பார்க்காத ஒரு நீலத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கக்கூடும்.

கேள்வி: ஸ்டூடியோ வேலைக்கே நேரம் போதவில்லை. கலை வரலாற்றுத் தாள்களைக் குறைந்தபட்சத்தோடு முடித்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். மேலே வான்கோ பற்றிச் சொன்னதே காரணம். ட்யூபின் முதுகைப் படிக்கத் தெரிந்தவருக்கு அந்தச் சுவர் ஏன் நிறம் மாறியது என்று புரிகிறது. அந்தச் சுவரைப் பற்றிப் படித்தவர் தன் ட்யூபை எச்சரிக்கையாகத் தேர்ந்தெடுக்கிறார். இரண்டும் ஒரே படிப்பு, அட்டவணையில்தான் இரண்டு வகுப்பு. ஸ்டூடியோவில் இந்த வாரம் எதில் சிக்கியிருக்கிறீர்களோ, அதே சிக்கலை முன்பு யார் எப்படித் தீர்த்தார் என்று வரலாற்று வகுப்பில் தேடுங்கள். கட்டுரைத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தால் அதையே தலைப்பாக்குங்கள். நேரமும் மிச்சமாகும்.

கேள்வி: ஆயில் கலரில் முதல் பெரிய ஓவியம். சில வாரங்களில் ஒரு பக்கம் விரிசல், இன்னொரு இடத்தில் தோல் சுருங்கியதுபோல் மடிப்பு. சில பகுதிகள் பளபளக்கின்றன, சில பகுதிகள் செத்துக்கிடக்கின்றன. எங்கே தப்பு?

பதில்: மூன்றும் மூன்று தனித்தனிப் பிழைகள். ஆனால் வேர் ஒன்று. ஆயில் கலர் தண்ணீர்போல் ஆவியாகிக் காய்வதில்லை. அதிலுள்ள எண்ணெய் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை உறிஞ்சி மெல்ல மெல்லக் கெட்டியாகிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கே சில நாட்கள் ஆகும். உள்ளே இறுகுவது மாதக்கணக்கில் தொடரும்.

விரிசல்: மெதுவாகக் காயும் அடுக்கின்மேல் வேகமாகக் காயும் அடுக்கைப் போட்டிருக்கிறீர்கள். மேலே இறுகிவிட்டது, அடியில் இன்னும் அசைவு இருக்கிறது, மேலடுக்கு கிழிகிறது. அம்பர் நிறங்களில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் காயும். ஐவரி கருப்பு தாமதமாகக் காயும். கருப்பை அடித்தளமாகப் போட்டு அதன்மேல் அம்பர் பூசினால் விரிசலை வரவழைத்ததாகிவிடும். பழைய ஸ்டூடியோ விதி இதற்காகத்தான்: ஒவ்வொரு அடுக்கிலும் கீழே இருப்பதைவிட எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும். முதல் அடுக்கை டர்பென்டைன் அல்லது மணமற்ற மினரல் ஸ்பிரிட் சேர்த்து மெல்லியதாகப் போடுங்கள். அடுத்ததை ட்யூபிலிருந்து வருகிறபடியே போடுங்கள். அதற்கும் மேலே வருபவற்றில் மட்டும் கொஞ்சம் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) சேருங்கள்.

மடிப்பு: எண்ணெயை அதிகம் ஊற்றித் தடிமனாகப் பூசியதால் வந்தது. மேற்பரப்பு ஆடை கட்டிவிடுகிறது. உள்ளே திரவம் அப்படியே நிற்கிறது. ஆக்ஸிஜனை ஏற்ற மேற்பரப்பு விரிகிறது, விரிய இடமில்லாமல் சுருங்குகிறது. அதன்மேல் எதைப் பூசினாலும் நிற்காது. பேலட் கத்தியால் அந்தப் பகுதியைச் சுரண்டிவிட்டு மெல்லிய அடுக்காகத் திரும்பத் தொடங்குங்கள்.

மங்கல்: கீழடுக்கோ கேன்வாஸ் பூச்சோ மேலே பூசிய எண்ணெயை உறிஞ்சிவிட்டது. தொட்டால் ஒட்டாத நிலை வந்தபின், பஞ்சு உதிராத துணியில் லின்சீட் ஆயிலை ஒரு சொட்டு எடுத்து அந்த இடத்தில் தேய்த்து, உடனே வேறு துணியால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். நிறம் உயிர்பெறும். துடைக்காமல் விட்டால் அந்த எண்ணெயே பிறகு மஞ்சளிக்கும்.

இனி வரும் கேன்வாஸுக்கு இரண்டு மூன்று கை அக்ரிலிக் ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) பூசுங்கள். நடுவில் லேசாக உப்புத்தாள் போடும்போது முகமூடி அணியுங்கள். பூசாத துணியில் நேராக ஆயில் கலர் பட்டால் எண்ணெய் நூலிழைகளை அரித்து நொறுங்க வைத்துவிடும். அக்ரிலிக் நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் ஆயில் பூசலாம், ஆயில்மேல் அக்ரிலிக் ஒருபோதும் கூடாது. ஜிங்க் வெள்ளை காலப்போக்கில் நொறுங்கும் தன்மையுடையது, அடித்தளத்துக்கு டைட்டேனியம் வெள்ளை எடுங்கள். வார்னிஷுக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை காத்திருங்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் புகழின் உச்சியில் இருந்த ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் மெழுகு, பிசின், தார் என்று கண்டதையும் கலந்து பார்த்தவர். அவர் வாழ்நாளிலேயே அவருடைய ஓவியங்கள் சில வெளுத்தும் வெடித்தும் போயின. ரெனால்ட்ஸுக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்குமுன் பொருளை அறிந்து நிதானமாகப் பூசப்பட்ட ஆயில் ஓவியங்கள் இன்றும் துலங்குகின்றன.

இன்னொன்று, மிக முக்கியம். லின்சீட் ஆயில் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். எண்ணெய் ஆக்ஸிஜனை ஏற்கும்போது வெப்பம் உண்டாகிறது. மடிப்புக்குள் அது வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், யாரும் தீ வைக்காமலே துணி பற்றிக்கொள்ளும். ஒவ்வொன்றாக விரித்துத் திறந்த வெளியில் காயப்போடுங்கள், அல்லது மூடியுள்ள உலோக டப்பாவில் தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.

கேள்வி: படுக்கையறையிலேயே ஆயில் கலர் வரையலாமா?

பதில்: கூடாது. டர்பென்டைன் ஆவி தலைவலியில் தொடங்கி நுரையீரல் வரை தொல்லை தரும். காயும் ஓவியமும் இரவெல்லாம் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். வேறு இடமே இல்லையென்றால் வாட்டர் கலரும் அக்ரிலிக்கும் போதும். சாஃப்ட் பேஸ்டல் தூளை வாயால் ஊதாதீர்கள், பலகையைச் சாய்த்துத் தட்டி ஈரத்துணியால் துடையுங்கள். பிரஷ் முனையை உதட்டில் வைத்துக் கூர்செய்யும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். காட்மியமும் ஈயமும் உடம்புக்குள் போகக் கூடாதவை.

கேள்வி: கலை வரலாற்றுத் தேர்வில் திரையில் படத்தைக் காட்டி, கலைஞர், தலைப்பு, காலம், ஊடகம், இருக்கும் இடம் ஆகியவற்றை எழுதச் சொல்கிறார்கள். பருவத்துக்கு ஏறக்குறைய நூறு படங்கள். மனப்பாடம் நிற்கவில்லை.

பதில்: அச்சிட்ட படத்தை ஒட்டிய அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தால் நிற்காது. அட்டையின் முன்பக்கம் நீங்களே வரையுங்கள். உள்ளங்கை அளவு, ஐந்து நிமிடம், பெரிய வடிவங்களும் இருட்டு வெளிச்சமும் போதும். மறுநாள் பார்க்காமல் வரைந்து, எதை விட்டீர்கள் என்று ஒப்பிடுங்கள். விட்டுப்போன இடம்தான் அந்த ஓவியத்தை நீங்கள் இன்னும் பார்க்காத இடம். பின்பக்கம் விவரங்களோடு, "இது இந்தக் காலத்தது என்று எதைவைத்துச் சொல்கிறேன்?" என்பதற்கு இரண்டு காரணம் எழுதுங்கள்.

ஆண்டுகளை நூறாக அல்ல, ஏழெட்டு நங்கூரமாகப் பிடியுங்கள். பாதுவாவில் ஜோத்தோவின் சுவரோவியம் சுமார் 1305, வான் ஐக்கின் ஆர்னோல்ஃபினி ஓவியம் 1434, லியனார்டோவின் கடைசி விருந்து 1495 முதல் 1498 வரை, வெலாஸ்கெஸின் லாஸ் மெனினாஸ் 1656, பாரிஸில் இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சி 1874, பிக்காஸோவின் குவெர்னிகா 1937. மற்றவை இவற்றுக்கு முன்னா பின்னா, எவ்வளவு தூரம் என்று வையுங்கள். நங்கூரங்கள் மேற்கிலேயே நின்றுவிட வேண்டாம், உங்கள் பாடத்திட்டத்தில் உள்ள ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊடகத்தைப் புரிந்துகொண்டால் அதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஈரச் சுண்ணாம்பில் வரையும் ஃப்ரெஸ்கோவில் பூச்சு இறுகுவதற்குள் முடித்தாக வேண்டும். அதனால் ஒரு நாளில் முடியும் அளவுக்கு மட்டும் பூசுவார்கள், நாட்களுக்கு இடையிலுள்ள தையல்கோடு சுவரில் தெரியும். லியனார்டோ நிதானமாகத் திருத்தி வரைபவர், இந்த அவசரம் அவருக்குச் சரிப்படவில்லை. காய்ந்த சுவரில் வரைந்தார், சில பத்தாண்டுகளுக்குள்ளேயே நிறம் உதிரத் தொடங்கிவிட்டது. இதைத் தெரிந்தவர் கடைசி விருந்தின் ஊடகத்தை ஃப்ரெஸ்கோ என்று தவறாக எழுத மாட்டார். பிரஷ்யன் நீலம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பெர்லினில் உருவானது, நிறம் அடைத்த உலோக ட்யூபுக்கு 1841-இல் காப்புரிமை பெறப்பட்டது. இவ்விரண்டும் தெரிந்தால் பல ஆண்டுகள் தாமாகவே இடத்தில் அமரும். தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய பாதையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் இருப்பது 1931-இல் தெரியவந்தது. அப்படிப்பட்ட சுவரைத் திரையில் காட்டினால், எந்த அடுக்கு என்று சொல்லாமல் காலத்தை எழுத முடியாது.

திரை செய்யும் ஏமாற்று ஒன்று உண்டு, எல்லாப் படமும் ஒரே அளவாகத் தெரியும். மோனா லிசா 77 செ.மீ. உயரம், 53 செ.மீ. அகலம். குவெர்னிகா ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம், ஏழே முக்கால் மீட்டர் அகலம். ஒவ்வொரு வாரமும் ஒரு ஓவியத்தின் உண்மை அளவைச் சுவரில் டேப் ஒட்டிப் பாருங்கள். பிறகு அந்த அளவு மறக்காது.

கேள்வி: "வெறும் வர்ணனை, அலசல் இல்லை" என்று என் கட்டுரைகளைத் திருப்பித் தருகிறார்கள். என்ன வித்தியாசம்?

பதில்: வெலாஸ்கெஸ் ஸ்பெயின் அரண்மனையில் வரைந்த லாஸ் மெனினாஸை எடுத்துக்கொள்வோம். "ஓவியத்தின் மேல் பாதி இருட்டாக இருக்கிறது" என்பது வர்ணனை. அதோடு ஒரு 'அதனால்' சேர வேண்டும். மனிதர்கள் எல்லோரும் கீழ்ப் பாதியில் இருக்கிறார்கள். அதனால் தலைக்குமேல் உள்ள வெற்றிடம் அறையின் உயரத்தை உணரவைக்கிறது. ஓவியம் 318 செ.மீ. உயரம், 276 செ.மீ. அகலம். முன்னால் நிற்பவர்கள் ஏறக்குறைய ஆள் அளவு. அதனால் பார்ப்பவர் அதே அறையில் நிற்பதாக உணர்கிறார். வெளிச்சம் இரண்டு இடங்களில் பலமாக விழுகிறது: முன்னால் சிறுமியான இளவரசி மார்கரீத்தா, பின்னால் திறந்த கதவின் படிக்கட்டு. அதனால் கண் முன்னும் பின்னும் இழுபடுகிறது, அந்த இழுப்பின் வழியில் அரசனும் அரசியும் தெரியும் கண்ணாடி அகப்படுகிறது. இப்போது ஒரு வாதம் கிடைத்துவிட்டது: பார்ப்பவர் நிற்கும் இடத்தில்தான் அரச தம்பதியும் நிற்கிறார்களா?

சூழலையும் இதே முறையில் கட்டுங்கள். ஓவியத்துக்குள் பிரஷ்ஷோடு நிற்கும் வெலாஸ்கெஸின் மார்பில் சாந்தியாகோ வீரர் குழுவின் சிவப்புச் சிலுவை இருக்கிறது. அந்தக் குழுவில் அவர் சேர்க்கப்பட்டது 1659-இல். ஓவியம் 1656-ஐச் சேர்ந்தது. ஆகவே சிலுவை பிறகு வரையப்பட்டது. ஓவியத் தொழிலின் மதிப்பு பற்றி எழுத இதைவிட உறுதியான பிடி கிடைக்காது. "ஓவியர் தன் பெருமையை வெளிப்படுத்த விரும்பினார்" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதற்கும் இதற்கும் உள்ள தூரம்தான் உங்கள் ஆசிரியர் கேட்பது.

எழுதும் வரிசை: புத்தகத்தைத் திறக்காமல் இருபது நிமிடம் படத்தை மட்டும் பார்த்து, கண்டதையெல்லாம் குறியுங்கள். அவற்றில் ஒன்றோடொன்று சேரும் மூன்றை வட்டமிடுங்கள். அவை எழுப்பும் கேள்வியை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போங்கள். ஓவியரின் பிறப்பு வளர்ப்பில் தொடங்கினால் இரண்டு பக்கம் கடந்தும் படத்துக்கு வந்து சேர மாட்டீர்கள். எழுதி முடித்தபின் ஒவ்வொரு பத்தியிலும் விரல் வைத்து, படத்தின் எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறது என்று கேளுங்கள். இடம் காட்ட முடியாத பத்தியை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சூளையில் என் களிமண் உருவம் வெடித்து, பக்கத்தில் இருந்தவர்களின் வேலையும் கெட்டது. உள்ளே காற்றுக்குமிழி இருந்ததுதான் காரணம் என்கிறார்கள்.

பதில்: குமிழியைவிட ஈரம்தான் பெரிய குற்றவாளி. 100 டிகிரி செல்சியஸில் தண்ணீர் நீராவியாகி பல மடங்கு விரிகிறது. சுவர் தடிமனாக இருந்தால் அது வெளியேறுவதற்குள் மண் பிளக்கிறது. நன்றாகக் காய்ந்த மண்ணில் குமிழி இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. உருவத்தைப் பிசையும்போதே உள்ளே குடைந்து, சுவரை 1 முதல் 2 செ.மீ. வரை வையுங்கள். மூடிய குழி இருந்தால் கண்ணில் படாத இடத்தில் ஊசித்துளை போடுங்கள். காய்ந்துவிட்டதா என்று கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் காயவில்லை. சந்தேகம் இருந்தால் சூளையை 80, 90 டிகிரியில் இரவு முழுக்க வைத்து, ஆவி போக வழி விட்டு, பிறகு ஏற்றச் சொல்லுங்கள். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் சட்டென்று அளவு மாறும். ஏற்றும்போதும் ஆறும்போதும் அந்தப் பகுதியை மெதுவாகக் கடக்க வேண்டும்.

உடைந்த துண்டுகளே காரணத்தைச் சொல்லும். அடிப்பகுதி பொடியாகச் சிதறியிருந்தால் நீராவி. வாய் விரிந்த விரிசல் என்றால் காயும்போதே வந்தது. கூரிய விளிம்போடு நீளமாகப் பிளந்திருந்தால் வேகமாக ஆறியது, சூடாக இருக்கும்போது யாரோ திறந்திருக்கலாம். கைப்பிடி மட்டும் கழன்றிருந்தால் உலர்ந்த உடலில் ஈரப்பிடியை ஒட்டியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது இரு பக்கமும் கீறி, மண் குழம்பு தடவி அழுத்துங்கள். ஒட்டிய இடத்தைப் பிளாஸ்டிக்கால் மூடி மெதுவாகக் காயவிடுங்கள்.

கேள்வி: க்ரிட்டிக் வகுப்பில் எல்லோர் முன்னும் என் வேலையைப் பேசும்போது உடைந்துபோகிறேன். எதுவும் காதில் ஏறுவதில்லை.

பதில்: அந்த நேரத்தில் யாருக்கும் ஏறாது. ஒரு நண்பரைக் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள், அவருடைய முறை வரும்போது நீங்கள் எடுத்துக்கொடுங்கள். வகுப்புக்குப் போகும்முன் இரண்டே வரி எழுதிக்கொள்ளுங்கள்: எதை முயன்றேன், எதைக் கேட்க விரும்புகிறேன். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் விருப்பு வெறுப்புதான் வரும். "முதலில் கண் எங்கே போகிறது? எங்கே நழுவுகிறது?" என்று கேளுங்கள். மறுநாள் குறிப்பைப் படிக்கையில், மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டியிருந்தால் அந்த இடத்தில் கோளாறு இருப்பது உறுதி. அதற்கு அவர்கள் சொன்ன தீர்வு மூன்றும் தவறாக இருக்கலாம், தீர்வைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

கேள்வி: அருங்காட்சியகத்தில் பழைய ஓவியங்களை நகலெடுத்தால் சொந்தப் பாணி கெட்டுவிடுமா?

பதில்: கெடாது. பென்சிலும் சிறிய நோட்டும் பல இடங்களில் அனுமதி, ஆயில் கலருக்கு முன்னரே எழுதிக் கேட்க வேண்டும். முழுப் படத்தையும் நகலெடுப்பதைவிட ஒரு கையையோ ஒரு துணி மடிப்பையோ மட்டும் எடுங்கள். வீட்டுக்கு வந்து அதே மடிப்பை நேரில் ஒரு துணியைத் தொங்கவிட்டு வரைந்து பாருங்கள். நகலின் முதுகில் மூல ஓவியத்தின் பெயரையும் தேதியையும் எழுதிவிடுங்கள். போர்ட்ஃபோலியோவில் வைத்தால் நகல் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

கேள்வி: போர்ட்ஃபோலியோவுக்குப் படம்பிடித்தால் வெள்ளைத் தாள் சாம்பலாகவும், ஆயில் ஓவியம் பளிச்சென்ற புள்ளிகளோடும் வருகிறது. ஓரங்களும் வளைகின்றன.

பதில்: ஓரம் வளைவது மிக அருகில் நின்று அகல லென்ஸில் எடுப்பதால். பின்னால் தள்ளி நின்று ஸூம் செய்யுங்கள், போனிலும் இரண்டு மடங்கு லென்ஸை எடுங்கள். லென்ஸ் ஓவியத்தின் நடுமையத்துக்கு நேராக, இரண்டும் இணையாக இருக்க வேண்டும். மேகம் மூடிய பகலில் வெளியே நிழலில் எடுப்பது எளிது. அறைக்குள் என்றால் ஒரே வகை விளக்கு இரண்டை இரு பக்கமும் 45 டிகிரியில் வையுங்கள், கூரை விளக்கை அணைத்துவிடுங்கள். பளபளப்புப் புள்ளி வந்தால் விளக்குகளை இன்னும் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். அதற்கும் போகாவிட்டால் லென்ஸிலும் விளக்குகளிலும் போலரைசிங் ஃபில்டர் வேண்டும். கண்ணாடி போட்ட படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டே பிடியுங்கள்.

கேமரா வெள்ளைத் தாளைப் பார்த்ததும் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விழும் ஒளியின் அளவை) முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை ஏற்றுங்கள். ஐ.எஸ்.ஓ. 100, எஃப்/8, ட்ரைபாட், இரண்டு விநாடி டைமர். முதல் ஃபிரேமில் ஓவியத்தோடு ஒரு சாம்பல் அட்டையையும் வைத்து எடுத்தால், நிறத்தைப் பிறகு அதைக்கொண்டு சரிசெய்யலாம். சார்க்கோல் படத்தில் கான்ட்ராஸ்ட்டை ஏற்றாதீர்கள், மெல்லிய சாம்பல் படிகளெல்லாம் அதில் அழிந்துபோகும். சிற்பத்துக்கு வெறும் சாம்பல் பின்னணியும் இரண்டு கோணமும் போதும்.